"எங்க வீட்டைப் பத்தி யாருக்கும் தெரியக்கூடாது": வாசகர் கேள்வி-பதில்

வீட்டுப் பணக்கஷ்டத்தைப் பள்ளி நண்பர்களிடம் மறைக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பிள்ளைகளே எழுதியதுதான் அதிகம். பெற்றோர், ஆசிரியர் கடிதங்களும் உண்டு. அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறோம். பதில் எழுதியிருப்பவர்கள் பள்ளி மாணவர் ஆலோசகர்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எட்டாவதில் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். உண்மையில் அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார், அந்த வண்டியும் சொந்தமில்லை. அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனையோ சொல்லியாகிவிட்டது. போன மாதம் அப்பா பள்ளி வாசலுக்கு வந்தபோது, 'தெரிஞ்சவர்' என்று நண்பர்களிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. இப்போது இரண்டு பேர் வீட்டுக்கு வந்தே தீருவோம் என்று நிற்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, இல்லை நட்பையே விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து, நீ மறைப்பவற்றை மூன்று வரிசையாக எழுது. முதல் வரிசையில், நீ வெறுமனே சொல்லாமல் விட்டவை: வாடகை பாக்கி, கடன், வீடு எவ்வளவு சிறியது என்பது. இரண்டாவதில், நழுவுவதற்காகச் சொன்னவை: 'வேலை இருக்கு', 'மறந்துட்டேன்'. மூன்றாவதில், இல்லாததை இருப்பதாகச் சொன்னவை. எழுதி முடித்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, யார் கையிலாவது கிடைத்தால் வேறு வம்பு.

முதல் வரிசை உன் குடும்பத்தின் சொந்த விஷயம். அதை யாருக்கும் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. பணக்காரப் பிள்ளைகளும் வீட்டுக் கணக்கை வகுப்பில் வாசிப்பதில்லை. இரண்டாவது வரிசை எல்லோரும் சொல்வதுதான். உன் தூக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது வரிசை. சொல்லாமல் விட்டதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. சொல்லிவிட்ட பொய்க்கோ வாரத்துக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும்: எந்த நாடு, எப்போ வரார், போன தடவை என்ன வாங்கிட்டு வந்தார்? ரகசியங்களைப் பற்றி உளவியலாளர் மைக்கேல் ஸ்லெபியனும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரிந்தது. எதிரே ஆள் இருந்து மறைக்க வேண்டி வரும் நேரங்களைவிட, யாரும் கேட்காதபோதே மனம் தானாக அந்த ரகசியத்துக்குப் போய்வரும் நேரங்கள் அதிகம். மனசு சங்கடப்படுவதும் அப்படி அடிக்கடி போய்வருவதோடுதான் சேர்ந்து வருகிறது. ராத்திரி விளக்கணைத்த பிறகு உனக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும்.

இன்றிலிருந்து அந்தப் பொய்க்குத் தீனி போடாதே. புதிதாக ஒரு விவரமும் சேர்க்காதே. யாராவது கேட்டால், "அதைப் பத்திப் பேச வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு, அவனைப் பற்றி ஏதாவது கேள். மற்றவர்களுக்கு அவரவர் கவலையே பெரிது. புது விவரம் வராத கதை இரண்டு மூன்று மாதத்தில் பழசாகிவிடும். ஆனால் அந்தப் பொய்யை நம்பி யாராவது ஏதாவது செய்யப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே திருத்தியாக வேண்டும். உன் வீட்டுக்கு வர நிற்கும் அந்த இருவர் விஷயம் அப்படிப்பட்டது.

இருவரில் ஒருவனிடம் மட்டும் முதலில் சொல். யாரிடம் என்றால், இதுவரை வேறு யாருடைய ரகசியத்தையும் உன்னிடம் கொண்டுவராதவனிடம். எதிரெதிரே உட்கார்ந்து சொல்லாதே. நடந்து போகும்போதோ சைக்கிளில் போகும்போதோ சொல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எங்க அப்பா வெளிநாட்டுல இல்லடா. இங்கதான் வண்டி ஓட்டறார். புதுசா வந்தப்ப என்னமோ சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல." சொன்னதும் வேறு பேச்சுக்குப் போய்விடு.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று விதமாக. அரை மணி நேரம் விளக்கினால், கேட்பவன் உனக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் மாட்டிக்கொள்கிறான், அடுத்த நாள் உன்னைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருக்கும். 'எங்க அப்பாவாலதான்' என்று ஆரம்பித்தால், அதே வார்த்தைகள் பிறகு உன்மேலேயே திரும்பி வரும். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று கேட்டால், சாதாரணச் செய்தி பெரிய ரகசியமாகிவிடும், பெரிய ரகசியத்தை வைத்திருப்பவனுக்கு வாய் அரிக்கும். அதற்குப் பதிலாக, "யாராவது கேட்டா, என்கிட்டயே கேக்கச் சொல்லு" என்று சொல். அவனுக்குக் கோபம் வரலாம். நீ ஏழை என்பதற்காக வராது, இரண்டு வருடம் ஏமாந்துவிட்டோமே என்று வரும். ஒரு வாரம் விட்டுவிடு. மீறி வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டால் அந்த நாளுக்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "ஆமா, அப்ப அப்படிச் சொன்னேன். அது நிஜமில்ல." நீ பதறாவிட்டால் கிண்டல் செய்கிறவனுக்கு அதில் சுவை குறைந்துபோகும்.

வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட 'வீட்டுல வேலை நடக்குது' என்று மட்டும் சொல்லிவிடாதே. வேலை ஒருநாள் முடிந்துதானே ஆகவேண்டும், முடிந்ததும் புது வீட்டைப் பார்க்கக் கிளம்பி வருவார்கள். "எங்க வீட்டுல இடம் பத்தாது, வெளியில பாப்போம்" என்பது உண்மையும்கூட.

அப்பா விஷயம் தனி. காதில் விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொள். பெரிய மன்னிப்புக் காட்சி எதுவும் வேண்டாம். "அன்னைக்கு வாசல்ல தப்பாப் பேசிட்டேன்ப்பா" என்று ஒரு வரி. பிறகு, நண்பனிடம் சொல்லி முடித்த வாரத்தில், அப்பாவை ஏதாவது ஒரு காரணத்துக்குப் பள்ளிக்கு வரச்சொல்லி, "எங்க அப்பா" என்று நண்பனிடம் காட்டு. அந்த இரண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. இரண்டாவது முறை இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

கேள்வி: மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் கொடுக்கும் நோட்டீஸ் எதையும் காட்டுவதில்லை. சுற்றுலா, புராஜெக்ட் செலவு, போட்டிக் கட்டணம் எல்லாம் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கேட்டால், 'யாருமே போகலம்மா', 'எனக்கு இஷ்டமில்ல' என்கிறாள். கணவருக்கு வேலை போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டு நிலைமையை அவளிடம் எவ்வளவு சொல்வது?

பதில்: பள்ளியில் உங்களுக்காக மறைக்கிறாள், வீட்டில் பள்ளியை மறைக்கிறாள். உங்களால் முடியாது என்று நீங்கள் சொல்ல வேண்டி வரக்கூடாது என்பதற்காக, அந்த 'முடியாது'வைத் தானே சொல்லிக்கொள்கிறாள். பிரிட்டனில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் பேசிய டெஸ் ரிட்ஜ் என்ற ஆய்வாளர், 2002-இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் வீட்டில் கேட்காமலேயே சுற்றுலாக்களிலிருந்து தாங்களாக விலகிக்கொண்டார்கள். பிடிவாதம் பிடிக்காத பிள்ளை என்று வீட்டில் பெருமைப்படுகிறோம், அதற்குள் இது நடந்துகொண்டிருக்கும்.

பையைச் சோதிக்காதீர்கள். அடுத்த நோட்டீஸ் பள்ளியிலேயே குப்பைக்குப் போகும். வீட்டில் ஒரு டப்பாவோ உறையோ வையுங்கள். பள்ளியிலிருந்து வரும் எல்லாத் தாளும் அதில் விழவேண்டும், 'இதெல்லாம் நம்மால முடியாது' என்று அவள் நினைக்கும் தாள் முக்கியமாக. உங்கள் பங்குக்கு, இரண்டு நாளுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். 'சரி', 'இரண்டு தவணையில் கேட்டுப் பார்க்கிறேன்', 'இந்தத் தடவை இல்லை', இந்த மூன்றில் ஒன்று. 'இல்லை' என்று சொல்லும் சுமை உங்கள் தலையில் இருக்கட்டும், அது பெரியவர்கள் வேலை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: வரும் தாளுக்கெல்லாம் 'இல்லை' என்றால் ஒரு மாதத்தில் டப்பா காலியாகிவிடும். சின்னச் செலவாக இருந்தாலும் நாலைந்தில் ஒன்றுக்காவது 'சரி' கிடைக்க வேண்டும்.

நிலைமையைச் சொல்வதற்கு மாதம் ஒரு நாள், 20 நிமிடம் ஒதுக்குங்கள். சண்டை நடந்த ராத்திரியும் பரீட்சை வாரமும் வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள்: எது எந்த மாதம் வரை பத்திரமாக இருக்கிறது, எதைக் குறைத்திருக்கிறோம், என்ன முயற்சி நடக்கிறது. 'சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மூணு மாசத்துக்குக் கவலை இல்ல, புது டிரஸ் இந்த வருஷம் இல்ல, அப்பா ரெண்டு இடத்துல கேட்டிருக்கார்' என்கிற அளவு போதும். வாடகையே சந்தேகம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். யார் எவ்வளவு திட்டினார்கள், யாரால் இந்த நிலை வந்தது என்பதெல்லாம் வேண்டாம். 'எல்லாம் சரியாயிடும்' என்று மட்டும் சொன்னால், கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கும் பிள்ளை நம்பாது, பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகப்படும். சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் கற்பனையால் நிரப்புகிறார்கள், அது உண்மை நிலைமையைவிட மோசமாகவே இருக்கும்.

கேட்கச் சங்கடமான ஒரு கேள்வி. கடன் கேட்டு ஆள் வந்தால், "அப்பா வீட்டுல இல்லைன்னு சொல்லிட்டு வா" என்று அவளை அனுப்பியிருக்கிறீர்களா? பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் பணமில்லாததை மறைக்கப் பொய் சொல்லலாம் என்ற முதல் பாடம் அந்த வாசற்படியில்தான் ஆரம்பிக்கிறது. இனி நீங்களே போய்த் தேதி சொல்லி அனுப்புங்கள்.

பள்ளியிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இந்த வருடம் மீதமுள்ள மாதங்களில் என்னென்ன பணம் கட்ட வேண்டிவரும் என்று முழுப் பட்டியலை இப்போதே அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தத்தை மீதி மாதங்களால் வகுத்தால் மாதம் எவ்வளவு என்று தெரியும். முடியாது என்றால், கெடு தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஒரே பக்கத்தில் கடிதம் கொடுங்கள்: பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தக் கட்டணம், இப்போது எவ்வளவு கட்ட முடியும், மீதி எந்தத் தேதியில். குடும்பக் கதை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சொல்லும் தொகை உங்களால் நிச்சயம் முடிந்ததாக இருக்கட்டும். பெரிய தவணை சொல்லிவிட்டு இரண்டாவதைத் தவறவிட்டால் மறுபடி கேட்கப் போக வாய் வராது. முடிக்கும்போது இதையும் எழுதுங்கள்: 'நினைவூட்டல் எதுவாக இருந்தாலும் என் போனுக்குத் தெரிவிக்கவும், மாணவியிடம் கேட்க வேண்டாம்.' பாதிப் பிரச்சினை இந்த ஒரு வரியில் தீரும்.

கேள்வி: வயது 14. எனக்கு ஒரே ஒரு செட் யூனிபார்ம்தான். தினமும் துவைத்தால் காயமாட்டேன் என்கிறது, ஈர வாடை வருகிறது. ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. மாதத்தில் இரண்டு நாள் நாப்கின் இல்லாததால் லீவு போடுகிறேன், தலைவலி என்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து வருகிறேன். 2000-இல் தாமஸ் கிலோவிச் முதலான உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உன் சட்டை பழசு என்பது நீ நினைக்கும் அளவுக்கு யார் கண்ணிலும் படாது. வாடை மட்டும் படும், அதனால் உழைப்பை அங்கே செலவழிப்போம்.

ஈரத்துணி மெதுவாகக் காய்ந்தால் அதில் கிருமி பெருகுகிறது, வாடை அதிலிருந்து வருகிறது. தினமும் முழுசாகத் துவைக்காதே. வாரம் இரண்டு முறை முழுத் துவைப்பு. மற்ற நாட்களில் காலர், அக்குள், கைமுனை இந்த மூன்று இடத்தை மட்டும் சோப்பு போட்டுக் கசக்கு. பள்ளியிலிருந்து வந்ததும் செய்துவிட்டால் காய விடியும்வரை நேரம் இருக்கும், படுக்கப்போகும் முன் செய்தால் இருக்காது. சோப்பு குறைவாகப் போட்டு, நுரை வருவது நிற்கும்வரை அலசு. துணியில் தங்கிய சோப்பும் வாடையைப் பிடித்து வைக்கும். பிழிந்த பிறகு காய்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு பாய் மாதிரி சுருட்டி, முறுக்கு. கையால் பிழிந்தால் போகாத தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படாமல், காற்று நேராகப் படும் இடத்தில் மாட்டு. சுவரோரம் மாட்டினால் ஒரு பக்கம் காயாது. ஏற்கெனவே வாடை ஏறியிருந்தால், நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து அரை மணி ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவை.

இன்னொரு செட் வேண்டுமென்றால், மேல் வகுப்பு மாணவிகள் பள்ளியைவிட்டுப் போகும் ஆண்டிறுதியில் பள்ளி அலுவலகம் வழியாகக் கேள். வகுப்புத் தோழியிடம் நேராக வாங்கினால் அது யாருடையது என்று யாராவது அடையாளம் கண்டுவிடலாம். பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்கும்போது பழைய மடிப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் வினிகர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு இஸ்திரி போட்டால் பெருமளவு மறையும்.

ஷூவுக்கு உடனடிப் பசை வாங்காதே. அது காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிடும், கால் மடங்கும் இடத்தில் மூன்றாம் நாளே விரிசல் விடும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசைதான் சரி. பிளந்த இடத்தைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடு. இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடை. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவி, ஒட்டாமல் 10 முதல் 15 நிமிடம் வை. விரலால் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், விரலில் வரக்கூடாது. அப்போது அழுத்தி, கயிற்றால் இறுகக் கட்டி, 24 மணி நேரம் விடு. ஈரம் இருக்கும்போதோ தடவிய உடனேயோ ஒட்டினால் பிய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்தால் திங்கட்கிழமைக்குத் தயார். (ஷூவுக்காக வெட்கப்படுவது உன்னோடு ஆரம்பித்ததில்லை. 1776-இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித், இங்கிலாந்தில் எவ்வளவு ஏழையானாலும் தோல் ஷூ இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார்கள், அதனால் அதை அத்தியாவசியப் பொருளாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார்.)

நாப்கினுக்காக வகுப்பை இழக்காதே. மாதம் இரண்டு நாள் என்றால் பத்து மாதத்தில் இருபது நாள் பாடம் போகிறது. ஒரு ஆசிரியையிடம், "டீச்சர், இந்த நாட்கள்ல எனக்கு நாப்கின் கிடைக்கறதில்ல" என்ற ஒரு வரி போதும். பல பள்ளிகளில் மருத்துவ அறையிலோ ஆசிரியைகள் அறையிலோ இருப்பு வைத்திருப்பார்கள். துணி பயன்படுத்துகிறாய் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. சோப்பில் துவைத்து, முழுக்கக் காயவை, முடிந்தவரை வெயிலில். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைவான இடத்தில் அரை ஈரமாக விட்டுவிடுவதுதான் தொற்றைக் கொண்டுவருகிறது.

கேள்வி: நண்பர்கள் வெளியே போனால் செலவைப் பங்கு போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன். (பதினோராம் வகுப்பு மாணவன்)

பதில்: காய்ச்சல் என்றால் உனக்காக அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள், அப்புறம்? கேட்ட அன்றே, "இந்த மாசம் கையில இல்லடா, நீங்க போங்க" என்று சொல். பணம் இருப்பவனும் சொல்கிற வாக்கியம்தான் அது. கடைசி நேரத்தில் நழுவுவதை, அவர்களைப் பிடிக்கவில்லை என்பதாக எடுத்துக்கொள்வார்கள். 'வரேன், ஆனா சாப்பிடமாட்டேன்' என்பது சரிப்படாது, எல்லோர் கண்ணும் உன் தட்டில்தான் இருக்கும். சாப்பாடு முடிந்து விளையாடவோ நடக்கவோ போகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள். இரண்டு தடவைக்கு ஒரு தடவை, செலவில்லாத திட்டம் ஒன்றை நீயே முதலில் சொல். ஒருவன் உனக்கும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து அவனே கொடுக்கும்படி விடாதே.

கேள்வி: வீட்டில் ஒரே போன், அப்பாவிடம் இருக்கிறது. குரூப் புராஜெக்ட்டில் நான் எதுவுமே செய்யவில்லை என்று மற்றவர்கள் புகார் செய்துவிட்டார்கள். ஆசிரியரிடம் என்ன சொல்வது?

பதில்: வீட்டு நிலைமையை விளக்க வேண்டாம், நேரத்தைச் சொல்: "எனக்கு ராத்திரி எட்டுலேர்ந்து ஒன்பது வரைதான் போன் கிடைக்கும்." ஆசிரியருக்குத் தேவை அந்த ஒரு தகவல். குழுவிலும் அதையே சொல், வேலை பிரிக்கும் முதல் நாளிலேயே. பாதியில் சொன்னால் சாக்கு என்பார்கள். போன் இல்லாமல் செய்யக்கூடிய பகுதியை நீயே கேட்டு வாங்கு: படம் வரைவது, மாதிரி செய்வது, கையெழுத்துப் பிரதி, வகுப்பில் நின்று பேசுவது. பேசும் வேலைக்கு எந்தக் குழுவிலும் ஆள் பஞ்சம்தான். தேடவேண்டியவற்றை முன்கூட்டியே தாளில் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், பள்ளிக் கம்ப்யூட்டரில் கிடைக்கும் அரை மணியில் முடித்துவிடலாம்.

கேள்வி: மற்ற பெண்களோடு சமமாகச் செலவு செய்ய, வகுப்பில் ஐந்து பேரிடம் கடன் வாங்கிவிட்டேன். தெரிந்த அண்ணன் ஒருவர் போனுக்கு ரீசார்ஜ் செய்து தருகிறார், பணமும் தருகிறேன் என்கிறார். 'வீட்டுல சொல்லாத' என்கிறார்.

பதில்: அந்த ஆளிடமிருந்து இனி எதுவும் வாங்காதே. வயதில் பெரியவர் பள்ளிப் பெண்ணுக்குப் பணம் கொடுத்து, வீட்டில் சொல்லாதே என்றால், அவர் பதிலுக்கு ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். படம் அனுப்பச் சொல்வது, தனியாக வரச்சொல்வது என்றுதான் அது ஆரம்பிக்கும். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இன்றைக்கே அம்மாவிடமோ நம்பிக்கையான ஆசிரியையிடமோ காட்டு. ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், ஏதாவது அனுப்பியிருந்தாலும் குற்றம் உன்னுடையது இல்லை. அவர் பயமுறுத்தினால், அந்தப் பெரியவர்களோடு சேர்ந்து காவல்துறையிடம் போகலாம்.

ஐந்து பேர் கடன் அதைவிடச் சின்ன விஷயம். யாருக்கு எவ்வளவு என்று எழுதி அம்மாவிடம் கொடு, திட்டு விழும், விழட்டும். ஐந்து பேரிடமும் அவர்கள் கேட்பதற்கு முன்பே தேதி சொல். குறைந்த தொகையை முதலில் அடைத்தால், கேட்கிறவர்களின் எண்ணிக்கை சீக்கிரம் குறையும். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்காதே.

கேள்வி: என் தோழி மதிய இடைவேளையில் 'பசிக்கல' என்று நூலகத்துக்குப் போய்விடுகிறாள். வீட்டில் கஷ்டம் என்று நினைக்கிறேன். அவள் மனசு நோகாமல் எப்படி உதவுவது?

பதில்: துருவிக் கேட்காதே, மற்ற தோழிகளிடம் விவாதிக்கவும் செய்யாதே. 'உனக்கு வேணுமா?' என்ற கேள்விக்கு அவளால் 'வேண்டாம்' என்றுதான் சொல்ல முடியும். கேட்காமல் நடுவில் வைத்து எல்லோரும் எடுக்கிற மாதிரி செய், அவளும் கை நீட்டலாம். நூலகத்துக்கே போய், "கணக்கு ஒண்ணு புரியல, சாப்பிட்டுக்கிட்டே சொல்லிக்கொடு" என்று கூப்பிடு. அவளிடமிருந்தும் நீ எதையாவது வாங்கிக்கொண்டே இரு. தொடர்ந்து ஒரு வாரம் அவள் சாப்பிடவில்லை, தலைசுற்றுகிறது என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல். உன் ஊகத்தைச் சொல்லாதே, பார்த்ததை மட்டும் சொல்: "அஞ்சு நாளா அவ மதியம் சாப்பிடல." அது கோள் சொல்வதாகாது.

கேள்வி: நான் வகுப்பாசிரியை. கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை வாசித்தபோது ஒரு மாணவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாங்கள் எப்படித்தான் கேட்பது?

பதில்: பட்டியலை வகுப்பில் வாசிக்கவே வேண்டாம். கட்டியவர், கட்டாதவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டிய உறை கொடுங்கள். உள்ளே ரசீதோ நினைவூட்டலோ இருக்கட்டும். கட்டாதவர்களுக்கு மட்டும் உறை கொடுத்தால் அதுவும் பட்டியல் வாசிப்பதுதான். முடிந்தால் பெற்றோருக்கு நேரடியாகத் தெரிவித்து, பிள்ளையை நடுவில் நிறுத்தாமல் விடுங்கள். நன்கொடை என்றால் மூடிய பெட்டி. உதவியாகக் கொடுக்கும் பை, நோட்டு எல்லாம் மற்றவர்கள் வைத்திருப்பதுபோலவே இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் இருபது பை கொடுத்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். உதவி பெறுவோர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். 'விடுமுறையில் எங்கே போனேன்' கட்டுரைக்குப் பதிலாக 'நான் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலை' என்று கொடுத்துப் பாருங்கள், கட்டுரையும் உருப்படியாக வரும்.

மறைக்கும் பிள்ளையைக் கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. பணம் செலவாகும் பொருளை மட்டுமே திரும்பத் திரும்ப 'மறந்து' வருவான். அச்செடுத்து வரவேண்டிய வீட்டுப்பாடம் மட்டும் தவறும், எழுத வேண்டியது தவறாது. மூன்று தடவை ஒரே பொருளை மறந்தால் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். ஆசிரியர் அறையில் நாலு பேர் இருக்கும்போது 'வீட்டுல என்னப்பா பிரச்சினை?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல மிஸ்' என்பான், அதோடு கதவு சாத்திக்கொள்ளும். தனியாக, நடந்துகொண்டே, "இந்தப் பொருள் அலமாரியில இருக்கு, எடுத்துக்க, திருப்பித் தரவேண்டாம்" என்று சொன்னால் போதும். எழுந்து போன அந்த மாணவனிடம், "அன்னைக்கு வாசிச்சிருக்கக் கூடாது, என் தப்பு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்க ஆசை. வகுப்புக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். (பன்னிரண்டாம் வகுப்பு)

பதில்: படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேள். பெயர்ப் பட்டியலை எங்காவது ஒட்டுவார்களா? யார் யார் படிவத்தைப் பார்ப்பார்கள்? முடிவை எப்படித் தெரிவிப்பார்கள்? வகுப்புக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள் என்றால், பெற்றோரின் போனுக்குச் சொல்லும்படி படிவத்திலேயே எழுதிக் கேட்கலாம். வருமானச் சான்று கிடைக்க நாளாகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிடு. படிவத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். மதிய இடைவேளையில் அலுவலக வாசலில் கூட்டமாக இருக்கும். காலையில் மணி அடிப்பதற்கு முன் போ.